சீட்டும் சட்டமும் – 14: ஐந்தாவது சீட்டு

பணம் வைத்துச் சீட்டாடும் வழக்கம் திண்டுக்கல் சமவெளியில் எப்போது தொடங்கியது என்பதைவிட, அவ்வாறு ஆடப்பட்டவற்றுள் எது சூது, எது திறன் என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற கேள்வியே இத்தொடருக்கு முதன்மையானது. 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டமாகும்வரை மதுரை மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த இப்பகுதிக்குச் சென்னை நகருக்கென்று இயற்றப்பட்ட 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம் பொருந்தவில்லை. மாகாணத்தின் ஏனைய ஊர்களுக்காக வந்த 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமே இங்கு நடைமுறையில் இருந்தது, இன்றும் இருக்கிறது. வெறும் திறனால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு 5 முதல் 10 வரையிலான பிரிவுகள் பொருந்தா என்று அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு ஒரே வரியில் விலக்களித்ததும், அந்த வரியைப் பற்றிக்கொண்டு ரம்மி கரையேறியதும் சென்ற இதழ்களில் விளக்கப்பட்டன. அதே வரிக்குள் போக்கர் என்னும் அயல்நாட்டு ஆட்டம் இடம் கேட்டு வந்த வரலாறும், அந்த ஆட்டத்தை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்த ஒரு பெரும் போட்டியின் முடிவும் இந்த இதழின் பொருளாகின்றன.

திண்டுக்கல் வட்டாரத்துச் சீட்டாட்டங்களுள் சட்டத்தின் பார்வையில் ஐயத்துக்கே இடமில்லாதது மங்காத்தா. உள்ளே வெளியே என்றும் வழங்கப்படும் இவ்வாட்டத்தில், கட்டிலிருந்து ஒரு சீட்டை வெட்டி எடுத்து வைத்துவிட்டு, மீதிச் சீட்டுகளை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாறிமாறிப் போட, எடுத்து வைத்த சீட்டின் இனம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பணம் கட்டியவர் வெல்கிறார். பக்கத்தைத் தேர்வதும் பணத்தை வைப்பதும் தவிர ஆடுபவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. மூணு சீட்டில் எதிராளியை மிரட்டி விலகச் செய்யும் வாய்ப்பு சிறிது உண்டு எனினும், ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் 1967 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அவ்வகை ஆட்டத்தை முற்றிலும் அதிர்ஷ்டம் சார்ந்தது என்றே ஒதுக்கியது. ரம்மியை அது வேறாகப் பார்த்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதைக் கையில் நிறுத்தி எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதும் தேர்ச்சியைக் கோருவதால் ரம்மி பெரும்பாலும் திறனாட்டமே என்று நீதிபதி இதயத்துல்லா எழுதினார். ஆனால் அதே தீர்ப்பு, சீட்டாடும் மனமகிழ் மன்றத்தை நடத்துபவர் அந்த ஆட்டத்திலிருந்தே ஆதாயம் பெற்றால் அது குற்றமாகக்கூடும் என்றும் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. பின்வந்த வழக்குகளில் முதற்பகுதி ஓயாமல் மேற்கோள் காட்டப்பட, இரண்டாம் பகுதி பெற்றிருக்க வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது இத்தொடரின் கருத்து. அதன் விளைவு இந்த இதழின் பிற்பகுதியில் தெரியவரும்.

போக்கர் என்பது ஓர் ஆட்டத்தின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் இன்று மிகப் பரவலாக ஆடப்படும் ஹோல்டெம் என்னும் வகையில், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவர் மட்டும் பார்க்கும்படி இரண்டு சீட்டுகள் கவிழ்த்துப் போடப்படுகின்றன; பிறகு மேசை நடுவில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறந்து வைக்கப்படுகின்றன. முதலில் மூன்று சீட்டுகள் ஒருசேர வருவதை ஃப்ளாப் என்றும், நான்காவதை டர்ன் என்றும், ஐந்தாவதை ரிவர் என்றும் அழைப்பர். கைச்சீட்டு இரண்டும் பொதுச்சீட்டு ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு ஒரு ஜோடி, இரு ஜோடி, ஓரினம் மூன்று, வரிசை, ஒரே நிறம், மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்த முழுவீடு என்று ஏறுமுகமாகச் செல்லும் தரவரிசைப்படி வெற்றி முடிவாகிறது. கைச்சீட்டு வந்தவுடன் ஒரு முறை, ஃப்ளாப்புக்குப் பின் ஒரு முறை, டர்னுக்குப் பின் ஒரு முறை, ரிவருக்குப் பின் ஒரு முறை என நான்கு சுற்றுகளாகப் பந்தயம் கட்டப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எதிராளி கட்டிய தொகைக்கு ஈடு கட்டலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டை மடக்கி விலகலாம். வரம்பற்ற ஹோல்டெம் என்றால், தன் முன்னுள்ள அனைத்தையும் எந்த நொடியிலும் ஒரே பந்தயமாக வைக்கும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு என்று பொருள். அதுவே ஆல்-இன் எனப்படும். எல்லோரும் விலகிவிட்டால் எஞ்சியவர் சீட்டைக் காட்டாமலேயே பணத்தை எடுத்துக்கொள்வார் என்பதால், மோசமான சீட்டை வைத்துக்கொண்டும் வெல்ல முடியும். ரம்மியில் இதற்கு இணையான வழி கிடையாது.

போட்டியாக ஆடும்போது இந்த ஆட்டத்தின் பொருளாதாரம் முற்றாக மாறுகிறது. நுழைவுக் கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவருக்கும் சம அளவில் வட்டச் சில்லுகள் தரப்படுகின்றன. அவற்றை இடையில் காசாக்க முடியாது, சில்லுகள் தீர்ந்தவர் எழுந்து செல்ல வேண்டியதுதான். பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயம் குறித்த நேரத்துக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போவதால் நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தே காலம் தள்ள யாராலும் இயலாது. ஆடுவோருள் சிறு பகுதியினருக்கே பரிசு கிடைக்கும். அதிலும் பெரும்பங்கு கடைசிச் சிலருக்குப் போகும். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: போட்டியில் ஆடுபவர் இழக்கக்கூடிய தொகைக்கு, அவர் நுழையும் வாயிலிலேயே ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டுவிடுகிறது. ரொக்க மேசையில் அத்தகைய வரம்பு எதுவுமில்லை. தோற்றவர் மீண்டும் மீண்டும் பணம் போட்டு அமரலாம்.

2003 மே மாதம் லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். ஆடியவர்கள் 839 பேர். அதில் வென்ற கிறிஸ் மணிமேக்கர் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த 27 வயதுக் கணக்காளர். இணையத்தில் 86 டாலர் கட்டணத்தில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் தொடங்கி, முதன்மைப் போட்டியின் இருக்கையை வென்று வந்தவர் அவர். முதல் பரிசு 25 லட்சம் டாலர். இரண்டாமிடம் வந்த சாமி ஃபர்ஹா என்னும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு 13 லட்சம் டாலர் கிடைத்தது. ஆட்டக்காரர்களின் கவிழ்த்த சீட்டுகளை மேசை விளிம்பில் பதித்த கேமராக்கள் படம்பிடித்ததால் தொலைக்காட்சிப் பார்வையாளர் இரு தரப்புச் சீட்டுகளையும் ஒருங்கே பார்க்க முடிந்தது. அக்காரணத்தால் இப்போட்டியின் முடிவை எண்களைக் கொண்டு ஆராய்வதற்கும் வழி பிறந்தது. அதில் மூன்று கைகள் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) கூர்ந்து நோக்கத் தக்கவை.

முதலாவது, ஒன்பது பேர் அமரும் இறுதி மேசைக்கு ஓர் இடம் முன்னதாக, பத்துப் பேர் எஞ்சியிருந்தபோது நடந்தது. மணிமேக்கரிடம் ஏஸும் ராணியும் இருந்தன. அன்றைய தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஃபில் ஐவியிடம் இரண்டு ஒன்பதுகள். ஃப்ளாப்பில் இரண்டு ராணிகளும் ஓர் ஆறும் விழ, மூன்று ராணிகளோடு மணிமேக்கர் முந்தினார். நான்காவது சீட்டாக ஓர் ஒன்பது விழுந்தது. ஐவிக்கு முழுவீடு அமைந்துவிட்டது. சில்லுகள் அனைத்தும் நடுவில் குவிந்த நிலையில், வெளியே தெரிந்த எட்டுச் சீட்டுகளைக் கழித்தால் கட்டில் எஞ்சியவை 44. அவற்றுள் மணிமேக்கரைக் காப்பாற்றக் கூடியவை மூன்று ஏஸ், ஒரு ராணி, மூன்று ஆறு என ஏழே ஏழு. ஏறத்தாழ ஆறில் ஒன்று என்ற அந்த வாய்ப்பு பலித்தது. ஐந்தாவது சீட்டாக ஏஸ் விழுந்தது. ஐவி வெளியேறினார்.

இரண்டாவது கை, மணிமேக்கரும் ஃபர்ஹாவும் மட்டும் எஞ்சிய இறுதிக் கட்டத்தில் நிகழ்ந்தது. மணிமேக்கரிடம் ஒரு ராஜாவும் ஏழும், ஃபர்ஹாவிடம் ஒரு ராணியும் ஒன்பதும் இருந்தன. பொதுச்சீட்டுகளில் ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு என்று விழுந்த நிலையில் ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. மணிமேக்கருக்கோ ஒரே நிறமோ வரிசையோ அமைய ஒரு சீட்டு தேவைப்பட்டது. ஐந்தாவதாக வந்த மூன்று அவருக்கு எதையும் தரவில்லை. ஒரு ஜோடிகூட இல்லாத கையை வைத்துக்கொண்டு அவர் தம் சில்லுகள் அனைத்தையும் முன்னே தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து, வெல்லும் சீட்டைக் கையில் வைத்தபடியே மடக்கினார். சீட்டு இங்கே எதையும் முடிவு செய்யவில்லை. எதிராளி இதுவரை எப்படி ஆடினார், எவ்வளவு இழக்க அஞ்சுகிறார், தன்னை எப்படிப்பட்டவராக மதிப்பிட்டிருக்கிறார் என்பதைப் பற்றிய கணிப்பே முடிவு செய்தது.

மூன்றாவதும் கடைசியுமான கையில் மணிமேக்கரிடம் ஐந்தும் நான்கும், ஃபர்ஹாவிடம் ஜாக்கியும் பத்தும் இருந்தன. ஃப்ளாப்பில் ஜாக்கி, ஐந்து, நான்கு. உயர்ந்த ஜோடி கிடைத்த நம்பிக்கையில் ஃபர்ஹாவும், இரு ஜோடி கிடைத்த மணிமேக்கரும் அனைத்தையும் வைத்தனர். நான்காவது சீட்டு எட்டு. அந்நிலையில் எஞ்சிய 44 சீட்டுகளுள் ஃபர்ஹாவை வெல்லச் செய்யக்கூடியவை இரண்டு ஜாக்கி, மூன்று பத்து, மூன்று எட்டு என எட்டு மட்டுமே. ஐந்தாவதாக விழுந்தது ஐந்து. முழுவீட்டோடு போட்டி முடிந்தது.

ஒரே மனிதர் ஒரே போட்டியில் ஒரு முறை ஐந்தாவது சீட்டினால் உயிர் பிழைத்தார், ஒரு முறை அது கைவிட்ட பிறகும் வென்றார், ஒரு முறை அது எதுவாயினும் பெரும்பாலும் வெல்லும் நிலையில் இருந்தார். இதைத் திறன் என்பதா, அதிர்ஷ்டம் என்பதா என்ற கேள்விக்குத் தனியொரு போட்டியின் முடிவு விடை தராது. ஆனால் வணிக உலகம் விடைக்காகக் காத்திருக்கவில்லை. 86 டாலரிலிருந்து 25 லட்சம் டாலர் என்ற செய்தி தொலைக்காட்சி வழியே பரவியதும், அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேரும், 2005-இல் 5,619 பேரும், 2006-இல் 8,773 பேரும் வந்தனர்; 2024-இல் இந்த எண்ணிக்கை 10,112 ஆயிற்று. 2017-இல் ஆதித்ய சுஷாந்த், நிப்புண் ஜாவா ஆகியோரும், 2018-இல் நிகிதா லூதரும் அத்தொடரின் துணைப் போட்டிகளில் வெற்றியாளருக்குரிய தங்கக் காப்பைப் பெற்றபோது, மூளை விளையாட்டு என்ற அடைமொழியோடு போக்கர் இந்தியக் கைப்பேசிகளுக்குள்ளும் நுழைந்துகொண்டிருந்தது.

ஒரு போட்டியை விடுத்துப் பல போட்டிகளைச் சேர்த்துப் பார்த்தால் கேள்வி தெளிவடைகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் ஆகிய இருவர் 2010-ஆம் ஆண்டு உலகத் தொடரின் முடிவுகளை எடுத்துக்கொண்டு, தொடர் தொடங்குவதற்கு முன்பே தேர்ந்தவர்கள் என்று அடையாளம் காணப்பட்ட 720 பேரை ஒரு பக்கமும் ஏனையோரை மறுபக்கமும் நிறுத்திக் கணக்கிட்டனர். தேர்ந்தவர்கள் தாங்கள் செலுத்திய கட்டணத்தின் மீது சராசரியாக 30 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டியிருந்தனர். மற்றவர்கள் 15 விழுக்காட்டுக்கு மேல் இழந்திருந்தனர். வெறும் அதிர்ஷ்டமாக இருந்தால் முன்கூட்டியே பிரிக்கப்பட்ட இரு கூட்டங்களுக்கிடையே இத்தனை பெரிய வேறுபாடு தோன்றியிராது என்பது அவர்களின் முடிவு. 2012-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் இத்தகைய புள்ளிவிவரச் சான்றுகளை விரிவாக ஆராய்ந்து போக்கரைத் திறனாட்டம் என்று ஏற்றார். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

இந்திய நீதிமன்றங்களும் ஒரு குரலில் பேசவில்லை. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றோடு போக்கரையும் சூது என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் போக்கருக்குச் சாதகமாகவும், குஜராத் உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் எதிராகவும் தீர்ப்பளித்தன. தமிழ்நாட்டிலோ, சென்னைக் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியதே நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது. மனமகிழ் மன்றங்களில் பணம் வைத்து ரம்மி ஆடுவது குறித்துச் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2012-இல் தெரிவித்த கடுமையான கருத்துகளும், 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் மூல மனுவே திரும்பப் பெறப்பட்டபோது வலுவிழந்தன.

திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள நீதிமன்றமே இந்த வரலாற்றின் அடுத்த திருப்பத்தைத் தொடங்கி வைத்தது. 2004 ஜூலையில் திறக்கப்பட்ட மதுரைக் கிளைதான் இம்மாவட்டத்து வழக்குகளுக்கும் உயர் நீதிமன்றம். அங்கு 2020 ஜூலையில், சீட்டாடியதாகப் பதிவான வழக்கொன்றை ரத்துசெய்யக் கோரிய மனுவை விசாரித்த நீதிபதி பி. புகழேந்தி, தெருவில் ஆடுபவர் மீது சட்டம் பாய்கையில் கைப்பேசியில் நடக்கும் பண ஆட்டங்கள் எவ்வித ஒழுங்குமின்றி விடப்பட்டிருப்பதைச் சுட்டி, அவற்றுக்குச் சட்டம் தேவை என்று அரசுக்கு எடுத்துரைத்தார். அவ்வாண்டு நவம்பரில் அவசரச் சட்டமும், 2021 தொடக்கத்தில் அதற்கு ஈடான சட்டமும் வந்தன. திறனாட்டமேயாயினும் பணம் வைத்து ஆடினால் குற்றம் என்று 11-ஆம் பிரிவையே தலைகீழாக்கிய அச்சட்டத்தை, 2021 ஆகஸ்ட் 3 அன்று தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி ஆகியோர் அடங்கிய அமர்வு, தேவைக்கு மிஞ்சிய மொத்தத் தடை என்று கூறிச் செல்லாததாக்கியது. பழைய 11-ஆம் பிரிவு உயிர்பெற்றது.

பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை அளித்தது. அதை ஒட்டி எழுதப்பட்ட மசோதா அக்டோபர் 19 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் ஆர்.என். ரவி அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச் 23 அன்று சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் பெற்றது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்த இச்சட்டம் தன் அட்டவணையில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பெயர் குறித்துச் சேர்த்தது; ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ 10 லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமளித்தது. 2023 நவம்பர் 9 அன்று தலைமை நீதிபதி எஸ்.வி. கங்காபூர்வாலா, நீதிபதி பி.டி. ஆதிகேசவலு அமர்வு சட்டத்தை நிலைநிறுத்தி, அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. அதிர்ஷ்ட ஆட்டங்களைத் தடைசெய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ரம்மியும் போக்கரும் திறனாட்டங்கள் என்பதால் தடைக்குள் வாரா, ஆனால் வயது, நேரம் போன்றவற்றை ஒழுங்குபடுத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

கணிதத்தின்படி இத்தீர்ப்பில் பிழை காண்பது கடினம். லெவிட்டும் மைல்ஸும் கண்டதும் அதுவே. இத்தொடரின் கருத்து வேறுபாடு அதற்கு அடுத்த படியில் எழுகிறது. போக்கர் மேசையில் புதிதாகப் பணம் எதுவும் விளைவதில்லை. தேர்ந்தவர் ஈட்டிய 30 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்றால், தேர்ச்சியற்றவர் இழந்த 15 விழுக்காட்டிலிருந்து வந்தது. ஆகவே போக்கர் திறனாட்டம் என்று எந்த அளவுக்கு மெய்ப்பிக்கப்படுகிறதோ, அந்த அளவுக்குத் தேர்ச்சியற்றவரின் இழப்பும் உறுதியென்று மெய்ப்பிக்கப்படுகிறது. மங்காத்தாவில் நேர்மையாகச் சீட்டுப் போடப்பட்டால் புதியவரும் பழையவரும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் நிற்பர், போக்கரில் அவ்வாறன்று. நீதிமன்றத்தில் ஆட்டத்தைக் காத்த அதே சான்று, மேசையில் புதியவருக்கு எதிரான சான்றாகிறது. திறன் என்ற சொல்லுக்குச் சட்டம் அளித்த நன்மதிப்பு, சதுரங்கம் போன்று பணமின்றி ஆடப்படும் ஆட்டங்களிலிருந்து கடன் பெறப்பட்டது. பணம் நடுவில் வந்தவுடன் அந்தச் சொல்லின் விளைவு மாறிவிடுவதைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தப் பிழையோடு மற்றொன்றும் சேர்ந்துகொண்டது. திறனுக்கு ஆதரவான வலுவான சான்றுகளுள் முதன்மையானது பெரும் போட்டிகளின் முடிவுகளிலிருந்து திரட்டப்பட்டது. அங்கே கட்டணம் ஒரு முறை, இழப்புக்கு எல்லை உண்டு. ஆனால் அச்சான்றின் நிழலில் கைப்பேசிச் செயலிகளில் நடந்தது போட்டிகள் மட்டுமன்று, எல்லையற்ற ரொக்க மேசைகளும்தாம். எதிரில் அமர்ந்து ஆடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 கைகள் நடக்குமென்றால், சீட்டைக் கலைக்கவும் சில்லுகளை எண்ணவும் நேரம் தேவைப்படாத திரையில் அதைப் போல் இரு மடங்கு நடக்கும். கைகளின் எண்ணிக்கை கூடக்கூட அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் சமனாகி, தேர்ச்சியின் வேறுபாடே எஞ்சும். புதியவருக்கு மங்காத்தாவில் சில வேளை வாய்க்கும் தற்செயலான நல்ல இரவுகூட இங்கே விரைவில் கரைந்துபோகும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு சிறு பங்கை மேசையை நடத்தும் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் விவசாயிக்கு விலை கட்டினாலும் கட்டாவிட்டாலும் கமிஷன் மண்டிக்குரிய பங்கு கழிந்துவிடுவதைப் போல, யார் வென்றாலும் இந்தப் பங்கு கழிந்துவிடும். 1967-இல் இதயத்துல்லா திறந்து வைத்த கதவு இதுவே: நடத்துபவர் ஆட்டத்திலிருந்து ஆதாயம் பெறுகிறாரா என்பதே அவர் கேட்கச் சொன்ன கேள்வி. திறனா, அதிர்ஷ்டமா என்று பல ஆண்டுகள் வாதாடிய தரப்புகள் அக்கேள்வியை உரிய வலுவோடு முன்வைத்திருந்தால், தமிழ்நாட்டின் சட்டம் வேறு வழியில் சென்றிருக்கக்கூடும்.

வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் முறைமாற்றிப் பணிபுரிவோர், சின்னாளப்பட்டித் தறிகளில் நெய்வோர், திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளிலும் தோல் தொழிற்கூடங்களிலும் கூலிக்கு உழைப்போர் ஆகியோர் வாழும் இச்சமவெளியில், கைப்பேசிக்கு முன் போக்கருக்கு வேர் கிடையாது. ரம்மிக்கு இங்கே தலைமுறைப் பழக்கம் உண்டு. ஊர்த் திண்ணையில் மூத்தவர் ஆடுவதைப் பார்த்தே இளையவர் எப்போது மடக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வர். ஹோல்டெமில் அப்படிக் கற்க ஆளில்லை. திரையில் இரண்டு சீட்டுகள் தோன்றுகின்றன, சில நொடிகளில் முடிவெடுக்கச் சொல்லும் கோடு குறுகிக்கொண்டே வருகிறது, எதிரில் இருப்பவர் பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர் மட்டும் தெரிகிறது. அவர் இதையே தொழிலாகக் கொண்டு ஒரே நேரத்தில் நான்கு மேசைகளில் ஆடுபவராகவும் இருக்கலாம். தேர்ந்தவர்களின் வருவாய் இத்தகைய புதியவர்களின் இடையறாத வருகையைச் சார்ந்தது என்பதால், சிற்றூர்களுக்கும் சிறுநகரங்களுக்கும் விளம்பரங்கள் வந்துசேர்ந்தது தற்செயலன்று.

மாநில அரசின் இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் இத்தகைய புதியவரை நினைவில் வைத்தே எழுதப்பட்டவை போலத் தோன்றுகின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குத் தடை, ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்கு மூடுநேரம் ஆகியவை அவற்றின் முக்கியக் கூறுகள். மூன்றாம் ஷிப்ட் முடியும்வரை விழித்திருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு அந்த ஐந்து மணி நேரம் பொருளுள்ள பாதுகாப்பு. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளை 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்ற அமர்வு தள்ளுபடி செய்தது. திறனாட்டமே ஆயினும் அதனால் நேரும் தீங்கைக் கருதி ஒழுங்குபடுத்தலாம் என்ற அணுகுமுறை, 1930 முதல் நீடித்த பழைய பிரிவினையிலிருந்து விலகி வைத்த முதல் உறுதியான அடி என்று இதை மதிப்பிடலாம்.

அந்த அடி பதியுமுன் மத்திய அரசு முந்திக்கொண்டது. இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும், 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறனோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் வைத்து இணையத்தில் ஆடப்படும் எதுவாயினும் தடை என்று அது வரையறுத்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்த அச்சட்டம், ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. மாநிலச் சட்டம் ஆடுபவருக்கும் சிறையை வைத்திருந்ததோடு ஒப்பிட்டால் இது அறிவார்ந்த மாற்றம். இழந்தவரைக் குற்றவாளியாகவும் ஆக்குவதில் எவருக்கும் பயனில்லை. ஒழுங்குபடுத்தலை ஓராண்டேனும் நடத்திப் பார்த்து அதன் விளைவை அளந்த பிறகு முழுத் தடைக்குப் போயிருக்கலாம் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு.

இத்தனை மாற்றங்களுக்கும் வெளியே, திண்டுக்கல் சமவெளியில் நேருக்கு நேர் அமர்ந்து ஆடப்படும் சீட்டு இன்னும் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே இருக்கிறது. அச்சட்டத்துக்குள் உள்ள ஒரு வேறுபாட்டை இதுவரை வந்த திருத்தங்களும் தீர்ப்புகளும் போதிய அளவு தொடவில்லை. திறனாட்டங்களுக்கான விலக்கு 5 முதல் 10 வரையிலான பிரிவுகளுக்கே உரியது. அவை சூதாட்ட விடுதிகளைப் பற்றியவை. பொது இடத்திலும் தெருவிலும் ஆடுவதைத் தண்டிக்கும் 12-ஆம் பிரிவு அந்த வரிசைக்கு அப்பால் நிற்கிறது. பதிவுபெற்ற மனமகிழ் மன்றத்தின் கூரைக்குக் கீழ் ரம்மி ஆடும் உறுப்பினர் 11-ஆம் பிரிவைக் காட்டித் தம் ஆட்டம் திறன் சார்ந்தது என்று வாதாடலாம். குளத்துக்கரை ஆலமரத்தடியில் அதே ரம்மியை அதே தேர்ச்சியோடு ஆடிப் பிடிபடும் தறிக்காரருக்குச் சட்டத்தின் வாசகம் அந்த வாதத்தை எடுத்துத் தரவில்லை. அவர் பெரும்பாலும் தாம் அமர்ந்திருந்த இடம் பொது இடமா, இல்லையா என்பதைப் பற்றியே வாதாட வேண்டியிருக்கிறது. சீட்டுக்கட்டும் ரொக்கமும் விரித்திருந்த ஜமுக்காளமும் குறிக்கப்பட்ட பறிமுதல் மகஜரோடு அவர் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படுகையில், ஆட்டத்தின் பெயரைக் கேட்க வேண்டிய தேவைகூட அப்பிரிவின்படி எழுவதில்லை. பொது இடம் என்பதற்கு நீதிமன்றங்கள் அளித்துவந்த விளக்கங்களும், மன்றங்களுக்கும் மரத்தடிக்கும் இடையிலான இந்த வேறுபாடு உருவான சூழலும் அடுத்த இதழில் இடம்பெறும்.